33 ஏன் 24-ஐ வென்றுவிடவில்லை

தியாகராய நகருக்குக் கேமரா வாங்க வருகிற இளைஞர்களில் பலர் கடைப்படி ஏறும் முன்பே முடிவெடுத்துவிடுகிறார்கள். போனில் இரண்டு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் சோனி ஏ செவன் ஃபோர்: 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது, 33 மெகாபிக்சல். மறுபக்கம் கேனன் ஆர் சிக்ஸ் மார்க் டூ: 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது, 24 மெகாபிக்சல், ஆனால் நொடிக்கு 40 படம். இரண்டுக்கும் வாரிசு வந்துவிட்டது. ஆனாலும் கல்யாண வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் விலையை நினைத்து இவற்றையே எடைபோடுகிறார்கள்.

அவர்களுக்குக் கிடைக்கும் யோசனை எங்கே போனாலும் ஒன்றுதான்: எந்த வரிசையில் எண் பெரிதோ அந்தக் கேமராவுக்கு ஒரு மதிப்பெண், கூட்டிப் பார்த்து அதிகம் வாங்கியதை எடு. லட்சத்துக்கு மேல், அதுவும் தவணையில் பணம் போடுகிற ஒருவருக்கு இந்த யோசனை கெடுதல் செய்கிறது. அட்டவணையில் உள்ள எண்கள் பொய்யல்ல. எந்த நிபந்தனையில் அவை உண்மை என்பதைத்தான் அட்டவணை சொல்வதில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘33 இருக்கும்போது 24 எதற்கு?’ என்பது முதல் வாதம். சோனியின் படம் 7008-க்கு 4672 புள்ளி, கேனனின் படம் 6000-க்கு 4000. அகலவாக்கில் வித்தியாசம் 17 சதவீதம்தான். இதைக் கல்யாண ஆல்பத்தில் வைத்துப் பாருங்கள். விரித்தால் 12-க்கு 36 அங்குலம் வரும் ஆல்பத்தில் ஒரு பக்கம் 12-க்கு 18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கறாரான அச்சுக் கணக்கில் அந்தப் பக்கத்துக்குத் தேவை 5400-க்கு 3600 புள்ளி. கேனன் அதைத் தாண்டியே தருகிறது. ஒரே படத்தை இரண்டு பக்கமும் பரப்பினால் கேனனில் அங்குலத்துக்கு 166 புள்ளி, சோனியில் 194. இரண்டுமே 300-ஐ எட்டவில்லை. மடியில் வைத்துப் புரட்டும் தூரத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். மண்டப வாசல் ஃப்ளெக்ஸைப் பத்தடி தள்ளி நின்றுதான் பார்க்கிறார்கள். அதற்கு இதில் பாதி போதும்.

33 உதவுகிற இடம் உண்டு. சபாவின் பின்வரிசையிலிருந்து எடுத்து, பாடகரின் முகத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டுமானால் அந்த 17 சதவீதம் கைகொடுக்கும். அதற்கும் செலவு இருக்கிறது. சோனியில் சுருக்காத ரா ஃபைல் ஒன்று 66 எம்.பி.க்குக் குறையாது. ஒரு கல்யாணத்தில் 3000 படம் எடுத்தால் ஏறத்தாழ 200 ஜி.பி. சுருக்கிச் சேமித்தால் குறையும். குறைத்தாலும் எடிட் செய்யும் கம்ப்யூட்டரும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து வளர்ந்தாக வேண்டும்.

‘நொடிக்கு 40 படம் என்றால் தாலி கட்டும் நேரம் தப்பவே தப்பாது’ என்பது கேனன் பக்கத்தார் சொல்வது. அந்த 40 எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டும் வரும் எண். ரா ஃபைலாக எடுத்தால் இரண்டு நொடிக்குள் கேமராவின் உள்நினைவு நிரம்பி வேகம் விழுந்துவிடும். மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 12 படம். சோனி தரும் நொடிக்கு 10 படத்துக்கும் நிபந்தனை உண்டு: தரத்தைக் கொஞ்சம் இழந்து சுருக்கும் ரா முறையில்தான் அது கிடைக்கும், இழப்பில்லாத முறைக்கு மாற்றினால் 6 அளவுக்கு இறங்கிவிடும். கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதை பறக்கிறது, நாத்தனார் முடிச்சுப் போடக் குனிகிறார், வீடியோக்காரரின் தோள் குறுக்கே வருகிறது. அந்தச் சில நொடிகளில் படம் தப்பினால் பெரும்பாலும் நிற்கும் இடம் தவறியிருக்கும், அல்லது ஃபோகஸ் மாலையில் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் 40 திருத்தாது.

அட்டவணையில் ‘சைலண்ட் ஷட்டர்’ என்ற வரிசைக்கு நேரே இரண்டு பக்கமும் ‘உண்டு’ என்றிருக்கும். ‘இரண்டிலும் இருக்கிறது, அதனால் சமம்’ என்று கடந்துபோகிறார்கள். என் கணக்கில் இந்த இரண்டு கேமராக்களும் அதிகம் பிரிகிற இடம் இதுதான்.

மார்கழியில் கிருஷ்ண கான சபாவிலோ வாணி மகாலிலோ ஆலாபனை நடக்கும்போது ஷட்டர் சத்தம் கேட்டால் அது கச்சேரிக்குச் செய்யும் அவமரியாதை. அதனால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறுகிறோம். அப்போது சென்சார் படத்தை ஒரே கணத்தில் பதிவதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. முழுப் படத்தையும் படித்து முடிக்கச் சோனிக்கு ஏறத்தாழ 15-இல் ஒரு பங்கு நொடி ஆகிறது. கேனனுக்கு 65-இல் ஒரு பங்கு போதும். ஷட்டர் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்தாலும் இந்த நேரம் குறையாது. மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் இடையிலான கால இடைவெளி அப்படியேதான் இருக்கும். மிருதங்கக்காரரின் விரல் அதற்குள் நகர்ந்துவிடுகிறது, படத்தில் வளைந்து விழுகிறது. தீர்மானத்தில் கையை வீசும் நடனக் கலைஞரின் முழங்கை எலும்பில்லாததுபோல் சாய்கிறது. அரைமண்டியின் வடிவத்துக்காக வருடக்கணக்கில் உழைத்த ஒருவரின் உடலை இப்படிக் கோணலாக்கிக் கையில் கொடுப்பது எனக்குப் பொறுக்காத காரியம்.

விளக்கும் சேர்ந்து கெடுக்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் பல எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. சோனி ஒரு படத்தைப் படித்து முடிப்பதற்குள் விளக்கு ஆறேழு முறை மங்கிவிடும். வேகமான ஷட்டரில் அத்தனை கறுப்புப் பட்டைகள் படத்தின் குறுக்கே விழும். கேனனில் ஒன்றோ இரண்டோ. ஷட்டரை 100-இல் ஒரு பங்கிலோ 50-இலோ வைத்தால் ஒவ்வொரு வரியும் முழுச் சுழற்சியின் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும், பட்டை மறையும். ஆனால் டிம்மர் போட்டுக் குறைத்த மேடை விளக்குகள் வேறு வேகத்தில் துடிக்கும். அங்கே இந்த வழி பலிக்காமல் போகலாம். 100-இல் ஒரு பங்கில் ஆடுகிறவரின் கை கலங்கிப்போகும் என்பது வேறு.

ஆகவே கச்சேரியும் நாட்டியமும் எடுக்கிறவருக்கு 24 மெகாபிக்சல் கேனன்தான் சரி. பாண்டி பஜார் ஜவுளிக்கடைக்கு கேட்லாக் எடுக்கிறவருக்கு, நேர்காணல் எடுக்கிறவருக்கு இந்தக் குறை எதிரே வரப்போவதேயில்லை. மெக்கானிக்கல் ஷட்டரில் இரண்டும் ஒழுங்காகவே நடந்துகொள்கின்றன.

ஐ.எஸ்.ஓ. எண்ணைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இரண்டும் 36-க்கு 24 மில்லிமீட்டர் சென்சார்; ஒரே அளவில் அச்சிட்டால் இரைச்சலும் கிட்டத்தட்ட ஒன்று. எஃப் 4 லென்ஸைக் கழற்றி எஃப் 2.8 மாட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும். எந்த பாடியை மாற்றியும் அந்த லாபம் கிடைக்காது.

‘நம்ம தோல் நிறத்துக்குக் கேனன்தான்’ என்கிறார்கள். ஜேபெக் படத்தை அப்படியே கொடுக்கிறவருக்கு இதில் ஓரளவு நியாயம் உண்டு. ராவில் எடுத்தால் நிறத்தைப் பெரிதும் தீர்மானிப்பது எடிட் செய்யும் மென்பொருளின் ப்ரொஃபைலும் வொயிட் பேலன்ஸும். மண்டப அலங்காரத்தில் நீலமாகவே எல்.இ.டி. போட்டு, அந்த வெளிச்சத்தில் சிவப்பே இல்லாமல் செய்துவிட்டால், மஞ்சள் பூசிய முகத்தையும் அரக்குப் பட்டையும் எந்தக் கம்பெனியின் சென்சாரும் மீட்டுத் தராது. கறுத்த மணப்பெண்ணை வெளுப்பாக்குகிற வேலையைக் கேமரா செய்வதில்லை. எடிட்டில் ஸ்லைடரை இழுக்கிறவர் செய்கிறார், அது நிறுத்தப்பட வேண்டிய பழக்கம்.

‘இப்போதைக்கு பாடி, லென்ஸ் அப்புறம்’ என்பதுதான் அதிகப் பணத்தை விழுங்கும் யோசனை. பாடியை நாலைந்து வருடத்தில் மாற்றிவிடுவீர்கள். லென்ஸ் பொருந்தும் மவுண்ட்டை மாற்ற மாட்டீர்கள், ஏனென்றால் அதற்குள் லென்ஸ்கள் சேர்ந்திருக்கும். சோனி தன் ஈ மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை 2011-லேயே மற்ற கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. அதனால் சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் சோனியின் சொந்த லென்ஸ்களைவிடக் குறைந்த விலையில் குவிந்திருக்கின்றன. கேனனின் ஆர்.எஃப். மவுண்ட் 2018-இல் வந்தது. 2024-இல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் வழிவிட்டபோதும் சிறிய சென்சாருக்கான லென்ஸ்களோடு தொடங்கியது. முழு ஃப்ரேமுக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் தேடுகிறவருக்கு அது பெரிய நிம்மதி தரவில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு, நாட்டியம் எடுக்கப் போவதில்லையென்றால், ஐந்து வருடக் கணக்கில் சோனி மலிவு.

ஆனால் கேனனின் ஈ.எஃப். லென்ஸ்கள் 1987-லிருந்து வருகின்றன. அப்பாவின் ஸ்டுடியோவிலோ, வேலை கற்றுக்கொடுத்த அண்ணனிடமோ ஒரு நல்ல 70-200 இருந்தால், ஓர் அடாப்டர் போட்டு அதை இந்த கேனனில் முழு ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். அலமாரியில் இருப்பதை எண்ணிப் பார்க்காமல் அட்டவணையை எண்ணுவது வீண்.

‘பில் வேண்டாமென்றால் 18 சதவீதம் மிச்சம்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். கேமராவுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2019 தொடக்கத்தில் 18 ஆகக் குறைந்தது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள ஸ்டுடியோ அந்த 18-ஐத் தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். பில் இல்லாவிட்டால் அதுவும் இல்லை, வாரண்டியும் இல்லை.

வாங்கும் முன் கோடம்பாக்கத்திலோ வடபழனியிலோ ஒருநாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் மண்டபத்தில் ஒரு முகூர்த்தம் எடுத்துப் பாருங்கள். அதற்கு வழியில்லையென்றால், சொந்த மெமரி கார்டோடு கடைக்குப் போய் இரண்டிலும் ஒரே எஃப் எண்ணில் லென்ஸ் மாட்டித் தரச் சொல்லுங்கள். சைலண்ட் ஷட்டரை ஆன் செய்து, 500-இல் ஒரு பங்கு வேகத்தில் கூரையின் எல்.இ.டி. விளக்கடியில் நிற்கும் நண்பரின் கைதட்டலை எடுங்கள். அதையே 100-இல் ஒரு பங்கிலும், மெக்கானிக்கல் ஷட்டரிலும் எடுங்கள். கார்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய திரையில் பட்டைகளை எண்ணிவிட்டு, மறுநாள் பணத்தோடு போங்கள்.