திங்கட்கிழமை இருமல்



எங்கள் மதரஸாவிற்கு மாலை வேளையில் பேரனை அழைத்துச் செல்ல வரும் பெரியவர் ஒருவர், பத்துப் படிகள் ஏறுவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்குவார். பல்லடம் சாலையில் ஒரு நூற்பாலையின் புளோ ரூமில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பஞ்சு உடைத்தவர். பீடியைத் தொட்டதில்லை. "ஆஸ்துமாதான், ஹஜ்ரத்" என்று நிறுத்திக் கொள்வார். ஒருநாள் பேச்சுவாக்கில், "அந்தக் காலத்தில் திங்கட்கிழமை மில்லுக்குள் நுழைந்தால் நெஞ்சை இறுக்கும், புதன்கிழமைக்குள் சரியாகிவிடும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் நோயின் பெயர் இருக்கிறது. மருத்துவர்கள் இதனைப் பிசினோசிஸ் என்பர். பஞ்சோடு கலந்து வரும் இலைச் சருகு, காய்த்தோடு ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் நுண்கிருமிகளின் நச்சு, தூசியுடன் நுரையீரலுக்குள் சென்று மூச்சுக்குழாய்களைச் சுருக்குகிறது. வார விடுமுறை கழிந்த முதல் நாளில் அது கடுமையாகத் தெரியும். (வெள்ளிக்கிழமை விடுமுறை விடும் நாடாயின் இது சனிக்கிழமை இருமலாகும்!) ஆண்டுகள் செல்லச் செல்ல எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிடும், அந்நிலையில் இழந்த மூச்சு திரும்புவதில்லை.

சணல், ஆளி நார் சீவுவோரின் இருமலை இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். அமெரிக்க அரசு 1978இல் ஆலைக்காற்றில் பஞ்சுத்தூசிக்கு அளவு விதித்தது. நூல் நூற்கும் பகுதியில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம். ஆலைகள் தூசியை உறிஞ்சும் குழாய்களைப் பொருத்தின, நோயும் வெகுவாகக் குறைந்தது.

பனியன் கம்பெனியில் வேலை செய்வோர் அஞ்ச வேண்டுமா? சலவையும் சாயமும் கண்ட துணியில் இந்நச்சு குறைவு. கட்டிங் மேஜையில் பறக்கும் பஞ்சு மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். அபாயம் மிகுந்தவை நூற்பாலையின் புளோ ரூமும் கார்டிங்கும், கழிவுப்பஞ்சில் நூல் நூற்கும் ஓ.இ. மில்களும்தாம். அங்கே கைக்குட்டையும் துப்பட்டாவும் பயன்படா. நுண்தூசி அவற்றினூடே புகுந்துவிடும். காற்றடித்து இயந்திரத்தைத் துடைப்பது கீழே கிடந்த தூசியை மீண்டும் மூக்கிற்கே அனுப்புவதாகும். புகைப்பவருக்குப் பாதிப்பு இன்னும் அதிகம்.

நம் வீடுகளில் இருமலை மறைக்கிறார்கள். ஷிப்ட் போய்விடும் என்று ஆண்கள் மறைக்கிறார்கள். காசநோய் என்று ஊர் பேசினால் பெண்ணின் நிக்காஹ் தடைப்படுமே என்று தாய்மார் மறைக்கிறார்கள். பிசினோசிஸ் தொற்றுநோயன்று. ஆயினும் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லையென உறுதி செய்துகொள்வது அவசியம். எக்ஸ்ரே படம் மட்டும் போதாது. பிசினோசிஸுக்கென்று தனி அடையாளம் எதையும் அது காட்டாது. வேலைக்கு முன்னும் பின்னும் மூச்சை ஊதி அளக்கும் சோதனையே துணை செய்யும். எனவே மருத்துவரிடம் இருமலைச் சொல்லுமுன் தொழிலைச் சொல்லுங்கள். எந்த நாளில் அதிகம் என்பதையும் சொல்லுங்கள். இதனைத் தொழில்சார் நோயென நம் நாட்டுச் சட்டம் ஏற்றிருப்பதால், ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் உதவித்தொகை கோரவும் வழியுண்டு.

பெரியவரின் மகன் இப்போது ஓ.இ. மில் ஒன்றில் வேலை செய்கிறார். மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன் என்றதும், ஞாயிற்றுக்கிழமை லீவில் வருவதாகச் சொல்லியனுப்பினார். திங்களன்று ஷிப்ட் முடிந்து நேரே வாருங்கள் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.