சீட்டு போனால் உரிமையும் போவதோ?

மார்கழி பிறந்துவிட்டால், மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தியாகராய நகர்க் கடைத் தெருக்களிலும், அயல்நாடுகளில் வசிக்கும் நம்மவரைத் திரளாகக் காணலாம். கச்சேரி கேட்கவும், கபாலீசுவரரைத் தரிசிக்கவும், முதுமையுற்ற தாய் தந்தையரோடு சில நாட்கள் இருக்கவும் அவர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் ரங்கநாதன் தெரு நெரிசலில் கைப்பையைப் பறிகொடுத்தால், போவது பணம் மாத்திரமன்று. அயல்நாட்டுச் சர்க்கார் அளித்த வசிப்பு அனுமதி அட்டையும் அப்பையில் இருந்திருந்தால், அவருடைய உத்தியோகமும், குழந்தைகளின் படிப்பும் அக்கணமே அந்தரத்தில் நிற்கின்றன. தக்க அனுமதிப் பத்திரமில்லாதவரை விமானக் கம்பெனிகள் ஏற்றுவதில்லை. ஏற்றினால் அபராதம் அவற்றின் தலையில் விழும்.

அப்புறம் அவர் செய்ய வேண்டுவது என்ன? அமெரிக்காவின் கிரீன் கார்டை இழந்தவர், புது அட்டைக்கு இங்கிருந்து மனுச் செய்ய இயலாது. 500 டாலருக்கு மேற்பட்ட கட்டணம் செலுத்தி, ஐ-131ஏ என்னும் மனுவுடன் அண்ணா சாலையிலுள்ள அந்நாட்டுக் கன்சல் காரியாலயத்தில் நேரில் ஆஜராகி, பிரயாணத்துக்கு மட்டும் செல்லும் சீட்டு ஒன்றைப் பெற வேண்டும். ஊர் திரும்பிய பிறகு புது அட்டைக்கு வேறு மனு. ஜெர்மனியில் வசிப்பவரோ, போட் கிளப் சாலையிலுள்ள கன்சல் காரியாலயத்தின் வழியே, திரும்பி நுழைவதற்கென்று விசா கோர வேண்டும். அவர் வசிக்கும் ஊரின் அன்னியர் இலாகாவைக் கலந்துகொண்டே அது முடிவு செய்யப்படும். இதற்கிடையே லீவு தீர்ந்துபோனால், எஜமானர் காத்திருப்பார் என்பதற்கு என்ன நிச்சயம்?

பிரிட்டனிலும் இத்தகைய நிலைமையே இருந்தது. ஆனால் அந்நாடு 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு அட்டை முறையை முடித்து, வசிப்பு உரிமையை ஈ-விசா என்னும் மின்னணுப் பதிவேட்டில் வைத்துவிட்டது. திருடன் கையில் அகப்பட இனி அட்டையே இல்லை. பாஸ்போர்ட் களவு போனால், புதிய பாஸ்போர்ட்டின் எண்ணை அப்பதிவோடு இணைத்துவிட வேண்டும். உரிமை உறைவது பதிவேட்டில். அட்டை அதன் நிழலே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சீட்டினால் வரும் தொல்லை நம்மவருக்குப் புதிதன்று. 1908 ஆகஸ்டு 16ஆம் தேதி, ஜோகன்னஸ்பர்க் நகரில் காந்தியடிகளின் தலைமையில் இந்தியர்கள் தங்கள் பதிவுச் சீட்டுகளைத் தீயிலிட்டனர். அப்போராட்டத்தின் காரணமாக 1910இல் திரான்ஸ்வால் சர்க்கார் நாடு கடத்திய தமிழர்கள் சென்னையில் வந்திறங்கியபோது, ஜி. ஏ. நடேசன் அவர்களை ஆதரித்தார். அன்றைய சீட்டு பலவந்தமாகச் சுமத்தப்பட்ட அவமானம். இன்றைய சீட்டோ நம்மவர் விரும்பிப் பெற்றது. இரண்டும் ஒன்றென்று நாம் கூறவில்லை. ஆயினும், மனிதனைவிடச் சீட்டு பெரிதாகிவிடக் கூடாது என்ற நியாயம் இரண்டுக்கும் பொதுவானது.

மோசக்காரர்கள் புகாதபடி சோதிக்க வேண்டாமா என்று கேட்கலாம். அவசியம் சோதிக்கட்டும். ஆனால் அட்டை வழங்கும்போதே படத்தையும் கைரேகையையும் பதிந்து வைத்துக்கொண்ட சர்க்காருக்கு, அவர் இவரே என்று கண்டறிய வாரக்கணக்கில் அவகாசம் எதற்கு?

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டைச் சீர்படுத்துவோம். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, குற்றம் எங்கு நடந்திருப்பினும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனும் புகாரைப் பதிவு செய்து, நகலை இலவசமாகத் தர வேண்டும். களவு என்று சொல்ல வந்தவரைத் 'தொலைந்தது' என்று எழுதித் தரும்படி திருப்பும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அது இன்றே ஒழிய வேண்டும். அந்த நகல் இல்லாமல் கன்சல் காரியாலயத்தில் அவர் படும் பாடு கொஞ்சமல்ல. ஆண்டுதோறும் ஜனவரி 12ஆம் தேதி அயலகத் தமிழர் தினம் கொண்டாடும் தமிழ்நாடு சர்க்கார், அதையொட்டிய விடுமுறைக் காலத்தில் இவர்களுக்கு வழிகாட்ட ஓர் உதவி நிலையம் வைத்தால், கொண்டாட்டத்துக்குப் பொருள் உண்டாகும்.

இந்திய சர்க்கார் 2021இல் பிரிட்டனுடனும், 2022இல் ஜெர்மனியுடனும் குடிபெயர்வு பற்றி ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. இத்தகைய பேச்சுகளில், களவு போன சீட்டுக்கு ஏழு நாட்களுக்குள் பிரயாண அனுமதி தரப்பட வேண்டும் என்று நம் பிரதிநிதிகள் வற்புறுத்த வேண்டும். நம் நாட்டில் வந்து படிக்கும் அன்னிய மாணவர் தம் சீட்டை இழந்தாலும், நாம் அதே வேகத்தைக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

அயல்நாட்டிலிருந்து வரும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: அட்டையைக் கடைத் தெருவுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம், வீட்டில் பூட்டி வையுங்கள், நகலை வேறிடத்தில் வையுங்கள். ஆனால் பிரஜையின் ஜாக்கிரதை, சர்க்காரின் கடமைக்கு ஈடாகாது. அதிகாரிகள் அடுத்த மார்கழிக்குள் இதைக் கவனிப்பார்களென்று எதிர்பார்க்கிறோம்.