பொழுதறியா அடுப்பு

தொல்காப்பியர் பொழுதை முதற்பொருளாகவும் உணவைக் கருப்பொருளாகவும் வைத்தார். அதை ஆண்டுதோறும் கற்பிக்கும் நம் வீட்டு அடுப்புக்கோ பன்னிரண்டு மாதமும் கேரட்டும் பீன்ஸும்தான். தை மாதத்தில் மாணவி ஒருத்தி, "முன்பனிக்கு உரிய காய் எது, ஐயா?" என்றாள். விடை தெரியாமல் விழித்தோம்.

விடை உழவர் சந்தையில் இருந்தது. 1999இல் மதுரையில் தொடங்கிய அத்திட்டத்தில், விளைவித்தவரே விற்கிறார். பச்சை மொச்சை, அவரை, பனங்கிழங்கு எனப் பருவமே அங்கே குவிந்து கிடந்தது. மொச்சையை உரித்து, உப்பிட்டு வேகவைத்து, கடுகு தாளித்துத் தேங்காய் தூவினோம். அன்று பறித்த காய்க்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மசாலாவின் தேவை பெரும்பாலும் வாடிய காய்களுக்கே என்பது நம் கருத்து.

பெரும்பொழுது ஆறையும் ஒப்பிக்கச் சொல்லுமுன், மாணவரை ஒருமுறை சந்தைக்கு அனுப்பலாமே!