சர்வேக்காரர் சும்மா வருவதில்லை

அமெரிக்காவின் மலைக் கிராமங்களில் சில ஆண்டுகளாகவே ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. காலையில் ஒரு ஹெலிகாப்டர் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. அதன் அடியில் கயிற்றில் பிரம்மாண்டமான வளையம் ஒன்று தொங்குகிறது. மர உச்சிகளை உரசிவிடுமோ என்ற உயரத்தில் ஒரே நேர்க்கோட்டில் போகிறது, திரும்புகிறது, கொஞ்சம் தள்ளி மறுபடி அதே நேர்க்கோட்டில் வருகிறது. மலையின் ஒரு சரிவில் வீடு இருப்பவர்களுக்கு அது வானத்தில் பறப்பதாகவே தோன்றாது. எதிரே, கண்மட்டத்தில், சில சமயம் அவர்கள் காலுக்குக் கீழேயே பறக்கும்.

அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை 2019-ல் தொடங்கிய 'எர்த் எம்ஆர்ஐ' திட்டத்துக்கு 2021-ன் உள்கட்டமைப்புச் சட்டம் 32 கோடி டாலர் ஒதுக்கியது. அதிலிருந்து சர்வே விமானங்களும் ஹெலிகாப்டர்களும் பெருகின. கேள்வி கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதிலும் கிட்டத்தட்ட மனப்பாடமாகிவிட்டது: கருவிகளால் மனிதருக்கோ கால்நடைக்கோ தீங்கில்லை, சில நாள் வேலைதான், இது அறிவியல், கிடைக்கும் தகவல் எல்லாருக்கும் பொது. இதன் கடைசியில் நகரத்துப் படித்தவர்கள் தங்கள் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள்: மலைக்காரர்கள் பயப்படுவது அறியாமையால்.

முதல் நான்கிலும் உண்மை கொஞ்சமோ நிறையவோ இருக்கிறது. அவற்றை வைத்து ஐந்தாவதற்குப் போவதுதான் தவறு.

கருவியில் தொடங்குவோம். இதில் அரசு சொல்வது சரி. காந்தமானி பூமியின் காந்தப்புலத்தைப் படிக்கிறது, அவ்வளவுதான். காமா நிறமாலைமானி மண்ணிலிருந்து இயல்பாகவே வரும் பொட்டாசியம், தோரியம், யுரேனியக் கதிர்களை எண்ணுகிறது. அது எதையும் வெளியே அனுப்புவதில்லை. வளையம் மட்டும்தான் மின்சாரம் பாய்ச்சி, சட்டென்று நிறுத்தி, நிலத்துக்குள் எழும் பலவீனமான எதிரொலியைக் கேட்கிறது. வளையத்தின் காந்தப்புலம் தரையைத் தொடும்போது மாட்டுக்குக்கூட ஒன்றும் ஆகாது. எதையோ தெளிக்கிறார்கள், கதிர் பாய்ச்சுகிறார்கள் என்று பரவும் பேச்சுக்கு அடிப்படையே இல்லை. தொண்ணூறுகளில் அமெரிக்க மேற்கை ஆட்டிவைத்த 'கறுப்பு ஹெலிகாப்டர்' வதந்தியின் பேரப்பிள்ளைகள் அவை.

ஆனால் கருவியைப் பற்றி எத்தனை பேர் கேட்டார்கள்? குதிரை வளர்ப்பவர் ஹெலிகாப்டரைப் பற்றிக் கேட்கிறார். வளையத்தைப் பற்றிப் பதில் வருகிறது. கயிறு கட்டிய பாம்புக்கு விஷமில்லை என்று சொல்லிவிட்டு, கயிற்றின் மறுமுனையில் நிற்கும் யானையைப் பற்றி வாய் திறக்காதது போல. மிரண்ட குதிரைக்குக் காமா நிறமாலைமானி தெரியாது. 2003-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் தாழப் பறந்த ராணுவ ஹெலிகாப்டரைக் கண்டு மிரண்ட குதிரையிலிருந்து விழுந்து ஒரு பெண் இறந்தார். தாழப் பறத்தலால் கால்நடைகளுக்கு நேரும் இழப்புக்கு பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் நஷ்டஈட்டு மனுக்களை வாங்கிப் பரிசீலிப்பது பழைய நடைமுறை. பாதிப்பே இல்லையென்றால் நஷ்டஈட்டுக்கு ஒரு பிரிவு எதற்கு?

உயரே பறந்தால் என்ன என்று கேட்கலாம். முடியாது. காமா கதிரைக் காற்றே விழுங்கிவிடும். வளையத்தின் எதிரொலி தூரம் கூடக்கூட வேகமாகத் தேயும். தாழப் பறப்பது இந்த வேலையின் உயிர். ஊர் நெருங்கினால் உயரம் கூட்டுவோம் என்கிறார்கள். சமவெளியில் அது நல்ல ஏற்பாடு. மலையில் ஊர் என்று வரைபடத்தில் வட்டம் போட ஒன்றும் இருக்காது. இங்கே ஒரு வீடு, அரை மைல் தள்ளித் தொழுவம், அதற்கு மேலே மேய்ச்சல். தொழுவம் யார் கணக்கிலும் ஊர் ஆகாது.

'சில நாள் வேலை' என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பத்து கிலோமீட்டர் பரப்பு, கோடுகளுக்கு இடையே 200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஐம்பது கோடுகள், 500 கிலோமீட்டர் பறத்தல். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஆறு மணி நேரம்கூட ஆகாது. மேசை முன் இருப்பவருக்கு அது ஒரு நாள் வேலை. அந்தப் பரப்பின் நடுவில் குடியிருப்பவருக்கோ, வீட்டின் இருபுறமும் ஒரு கிலோமீட்டருக்குள் மட்டும் பத்து முறை. குறுக்குக் கோடுகள் தனி. காற்று கெடுத்த கோட்டை மறுபடி பறப்பது தனி. பள்ளத்தாக்கில் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்புவதை எந்தக் கோட்டிலும் சேர்க்க முடியாது. இதைப் பெருங்கொடுமை என்று நான் சொல்லவில்லை. பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான், முன்கூட்டிச் சொன்னால். வட்டார நாளிதழில் ஒரு செய்திக்குறிப்பு வந்ததே என்பார்கள். அந்த நாளிதழே பல மலை வட்டங்களில் மூடியாகிவிட்டது.

இனி, 'இது வெறும் அறிவியல்' என்ற வாதம். எர்த் எம்ஆர்ஐ திட்டத்தின் நோக்கமே முக்கியக் கனிமங்கள் எங்கே இருக்கக்கூடும் என்று அறிவதுதான். அதை அரசு மறைக்கவும் இல்லை. 2021-ல் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் நடந்த வான்வழி சர்வே, பென்னிங்டன் மலையில் ஏதோ வழக்கத்துக்கு மாறாக இருப்பதைக் காட்டியது. தரையில் போய்ப் பார்த்தார்கள். அருமண் தனிமங்கள், நியோபியம், சிர்கோனியம் எல்லாம் அங்கே இருப்பது மறு ஆண்டு அறிவிக்கப்பட்டது. அழகான அறிவியல், எனக்கும் அதைப் படிக்கப் பிடிக்கும். ஆனால் அதுவரை யாருக்கும் பொருட்டாக இல்லாத ஒரு மலை அன்று முதல் முதலீட்டாளர் பேச்சில் இடம்பிடித்தது. வட அயர்லாந்தில் 2005-06-ல் சிறு விமானம் ஒன்று 'டெல்லஸ்' சர்வேக்காகப் பறந்தது. கனிமத் தேடலுக்கு முதலீடு வந்ததை அதன் வெற்றியாக அந்த அரசே பின்னர் பெருமையாகச் சொன்னது. வெற்றி என்று பிறகு கொண்டாடப்போவதை, பறக்கும் அன்று மட்டும் தொடர்பே இல்லாததுபோலப் பேசுவது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநில மலைக்காரருக்கு இது புதுக்கதையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நிலவியலாளர்கள் அந்த மலைகளில் ஏறி இறங்கினார்கள். அவர்கள் பின்னாலேயே நிலத்தரகர்கள் வந்தார்கள். ஜான் மேயோ என்ற பள்ளி ஆசிரியர் கனிம உரிமைகளை வாங்குவதிலேயே பெரும் கோடீசுவரரானார். ஏக்கருக்கு ஐம்பது சென்ட், சில டாலர் என்று கொடுத்து, படிக்கத் தெரியாதவர்களிடம் கீறல் கையெழுத்து வாங்கினார்கள். பத்திரத்தின்படி மேல்மண் விவசாயிக்கு, அடியில் உள்ளதெல்லாம் வாங்கியவருக்கு. அதை எடுக்கத் தேவையான எதையும் செய்துகொள்ளும் உரிமையும் சேர்த்து. புல்டோசர் பிறக்கும் முன் எழுதிய அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் அரை நூற்றாண்டு கழித்து நிலக்கரி தோண்டப் புல்டோசர் வந்தது. நீதிமன்றமும் செல்லும் என்றது. 1965-ல் 61 வயது ஒல்லி கூம்ஸ் தன் வீட்டுக்கு மேலுள்ள சரிவில் புல்டோசர் முன்னால் உட்கார்ந்தார். காவலர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்திரம் எழுதிய காலத்து முறையில்தான் தோண்டலாம் என்று கென்டக்கி மக்கள் அரசியல் சாசனத்தையே திருத்த 1988 வரை ஆனது. முதலில் அளப்பவர் வருவார், பிறகு காகிதம் வரும், பிறகு இயந்திரம் வரும். இந்த வரிசையைப் பாட்டியிடமிருந்து கேட்டு வளர்ந்தவரை அறியாமைக்காரர் என்பது கொஞ்சம் கூச்சமில்லாத பேச்சு.

நமக்கு இது புரியாததும் இல்லை. 2018-ல் சேலம்-சென்னை எட்டுவழிச் சாலைக்காக வயல்களில் சர்வே கல் நட்டபோது விவசாயிகள் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். அந்தக் கல்லால் பயிருக்கு எந்தத் தீங்கும் இல்லைதான்.

தகவல் பொது என்கிறார்கள். ஆமாம், யார் வேண்டுமானாலும் தரவிறக்கலாம். பல கோடி எண்கள் கொண்ட அந்தக் கோப்பைத் திறக்க மென்பொருள் வேண்டும், படிக்க நிலவியற்பியல் படித்தவர் வேண்டும். சுரங்க நிறுவனத்திடம் இரண்டும் இருக்கின்றன. மலைக் குடும்பத்திடம் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு சர்வேயே வேண்டாம் என்பவர்களோடும் நான் நிற்கமாட்டேன். 2000 அக்டோபரில் கென்டக்கியின் மார்ட்டின் வட்டத்தில் ஒரு நிலக்கரிக் கழிவுக் குட்டையின் அடி, கைவிடப்பட்ட பழைய சுரங்கத்துக்குள் உடைந்தது. 30 கோடி காலனுக்கு மேற்பட்ட கருஞ்சேறு ஓடைகளில் பாய்ந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாததன் விலை அது. சில ஆண்டுகளில் மேற்கு வர்ஜீனியாவின் இத்தகைய குட்டைகள் பலவற்றின் மேல், எரிசக்தித் துறையின் ஆய்வகத்துக்காக, இதே போன்ற மின்காந்தக் கருவியோடு ஹெலிகாப்டர் பறந்தது. அடியில் நீர் நிறைந்த பள்ளங்கள், கரைக்குள் கசிவுகள் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாதவற்றைத் தேடியது. குட்டைக்குக் கீழே குடியிருப்பவர் அந்தச் சத்தத்தைக் குறைசொல்லியிருப்பாரா?

ஆகவே அடுத்த முறை அறிவிப்பு எழுதுபவருக்கு: கருவியால் தீங்கில்லை என்பதற்கு ஒரு வரி போதும். மீதிப் பக்கத்தில் கோடுகளின் வரைபடம், நாளும் நேரமும், எதைத் தேடுகிறீர்கள், யார் காசில், குதிரை ஈனும் வாரத்தில் ஒரு கோட்டைத் தள்ளிவைக்க யாரைக் கூப்பிட வேண்டும், கோப்பு வெளியானதும் அந்த வட்டத்தின் நூலகத்தில் வந்து உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டப்போவது யார் என்பதையெல்லாம் போடுங்கள்.