நத்தாருக்கு ஐந்து சிலிங் தண்டம்

நத்தாரைக் கொண்டாடியோருக்குத் தண்டம் விதித்த நாடும் ஒன்று உண்டு. விதித்தவர் கிறிஸ்து மதத்தின் பகைவரென்று எண்ணிவிடாதீர்கள். வேதாகமத்தை எழுத்துத் தவறாது ஓதி ஒழுகியவர்களே அவர்கள். 1659ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மசச்சூசெற்ஸ் குடியேற்றத்திலே பிறந்தது அச்சட்டம். அன்று தொழிலை நிறுத்தி விருந்துண்டு களிப்போர் ஐந்து சிலிங் இறுக்கவேண்டும். 1681ஆம் ஆண்டிலேதான் அது நீக்கப்பட்டது.

பியூரித்தானியர் எனப்பட்ட அக்கூட்டத்தாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. கர்த்தர் விதித்ததனோடு எதனையும் கூட்டலாகாது, குறைக்கவுமாகாது என்பது உபாகமம் கூறும் விதி. யேசு பிறந்த நாளைக் கொண்டாடும்படி வேதத்தில் எங்கே இருக்கின்றது? அந்த நாள்தானும் குறிக்கப்படவில்லையே! லேவியராகமம் வகுத்த பஸ்கா முதலிய விழாக்களோ கிறிஸ்துவின் வருகையோடு நிறைவெய்தின. எஞ்சியது பத்துக் கட்டளைகளுள் அடங்கிய ஓய்வுநாள் ஒன்றே. இக்கொள்கையினர் ஓங்கியிருந்த ஆங்கிலப் பாராளுமன்றம் 1647ஆம் ஆண்டில் நத்தாரையும் உயிர்த்த ஞாயிறுப் பெருநாளையும் ஒழித்தது. அவ்வாண்டு நத்தாரன்று கடைகளைத் திறக்குமாறு கன்ரபரி நகரபிதா வற்புறுத்த, மக்கள் கலகம் விளைத்தனர்.

எதிர்ப்பக்கத்தாரும் வேதத்தையே கையிலெடுத்தனர். எஸ்தர் காலத்தில் யூதர் தாமே ஏற்படுத்திக்கொண்ட பூரீம் பண்டிகை மோசேயின் பிரமாணத்தில் இல்லாதது. மக்கபேயர் ஆலயத்தைத் தூய்மை செய்த நினைவாக எழுந்த பிரதிஷ்டைப் பண்டிகையும் அத்தகையதே. அப்பண்டிகைக் காலத்தில் யேசு ஆலய மண்டபத்திலே உலாவினார் என்கின்றது யோவான் சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரம். அதனைக் கடிந்தார் என்றில்லை. பியூரித்தானியர்தாமும் நன்றிசெலுத்தும் நாட்களைக் குறித்துக்கொண்டனர். சமயத்துக்கேற்ற நாள் வேறு, ஆண்டுதோறும் வரும் திருநாள் வேறு என்பது அவர்கள் விடை. அந்த வேற்றுமை நூலிழையளவு என்றே எமக்குத் தோன்றுகின்றது.

1621ஆம் ஆண்டில் பிளிமத் குடியேற்றத்திலே நிகழ்ந்ததொன்று சுவையானது. நத்தாரன்றும் எல்லோரையும் வேலைக்கழைத்தார் ஆளுநர் வில்லியம் பிராட்போட். புதிதாக வந்த சிலர், அன்று வேலை செய்ய மனச்சாட்சி இடந்தரவில்லை என்றனர். நன்று, தெளிவு பிறக்கும்வரை இருங்கள் என்று விட்டுப்போனார். நண்பகலில் மீண்டபோது அவர்கள் தெருவிலே பந்தாடிக்கொண்டிருந்தனர்! ஆட்டப் பொருள்களைப் பறித்த ஆளுநர், பிறர் உழைக்க நீங்கள் விளையாடுவதற்கு என் மனச்சாட்சி இடந்தராது. பக்தியென்றால் வீட்டிலிருந்து அநுஷ்டியுங்கள் என்றார்.

விளையாட்டைப் பறித்தாரேனும் மனச்சாட்சியை அவர் பறிக்கவில்லை. ரோமருக்கு எழுதிய பவுலும், நாளை விசேஷமாக எண்ணுபவனும் எண்ணாதவனும் கர்த்தருக்கென்றே அப்படிச் செய்கின்றான். அவனவன் தன் மனத்திலே உறுதிகொள்ளட்டும் என்கின்றார். கலாத்தியரை அவர் கண்டித்தது, நாட்களைக் கைக்கொள்வதே இரட்சிப்புக்கு வழியென அவர்கள் மயங்கியதனால். 1659ஆம் ஆண்டுச் சட்டமோ அவனவன் மனத்துக்கு விடவேண்டியதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிற்று.

1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணிதொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் அப்பியூரித்தானியரின் சபைமரபிலே வந்தவர்கள். அவர்கள் கப்பலேறிய காலத்தில் மசச்சூசெற்ஸில் நத்தார் அரசாங்க விடுமுறையன்று. 1856ஆம் ஆண்டிலேதான் அவ்வாறாயிற்று.