பார்மட்டில் போகாத உரிமம்

கணினியை பார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட்டால், வாங்கும்போது கூடவே வந்த அசல் உரிமம் அழிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. வீடுகளில் இதைச் சொல்கிறார்கள். பழுது பார்க்கும் கடைகளில் சொல்கிறார்கள். பழைய மடிக்கணினியை விற்பவரும் வாங்குபவரும் சொல்கிறார்கள். “ஒரிஜினல் போயிடுச்சு, இனிமே கிராக்தான்” என்ற ஒரே பேச்சில், காசு கொடுத்து வாங்கிய உரிமம் கைகழுவப்படுகிறது.

இந்த நம்பிக்கை தவறு. விண்டோஸ் 8 வெளிவந்த 2012-க்குப் பிறகு, அந்தப் பதிப்போ அதற்கு அடுத்தவையோ நிறுவப்பட்டு விற்பனைக்கு வந்த கணினிகளைப் பொறுத்தவரை முழுத் தவறு. அவற்றின் உரிமம் ஹார்டு டிஸ்கில் இல்லை. இல்லாத இடத்தைத் துடைப்பதால் அது அழியாது. வீட்டை இடித்துக் கட்டினால் மனையின் பட்டா மாறுவதில்லை. பட்டா மனைக்கு உரியது, சுவருக்கு உரியதல்ல. கணினியில் மனையின் இடத்தில் இருப்பது மதர்போர்டு. விண்டோஸ் அதன்மேல் எழுப்பப்பட்ட கட்டடம்.

குழப்பத்தின் வேர், மூன்று வேறு பொருள்களை ஒன்றாக எண்ணுவதில் இருக்கிறது. உரிமம் என்பது அந்த மென்பொருளைப் பயன்படுத்த வாங்கியவருக்குக் கிடைத்த அனுமதி. புராடக்ட் கீ என்பது ஐந்தைந்தாகப் பிரித்து எழுதப்படும் 25 எழுத்துகளும் எண்களும் கொண்ட தொடர். அந்த அனுமதிக்கு அடையாளம். ஆக்டிவேஷன் என்பது இந்த அனுமதி இந்தக் கணினிக்குத்தான் என்று சரிபார்த்துப் பதிவது. பார்மட் செய்யும்போது அழிவது, சரிபார்ப்பு முடிந்ததாக டிஸ்கில் எழுதி வைத்திருந்த குறிப்பு மட்டுமே. அனுமதி அழிவதில்லை. சரிபார்ப்பை மறுபடி ஒருமுறை செய்தால் குறிப்பு திரும்ப எழுதப்பட்டுவிடும்.

இப்படி ஒரு நம்பிக்கை வெறுங்காற்றில் முளைக்கவில்லை. ஒரு காலத்தில் அதற்குப் பாதி நியாயம் இருந்தது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான் வீட்டுப் பயனாளர்களின் விண்டோஸுக்கு ஆக்டிவேஷன் கட்டாயமானது. நிறுவிய 30 நாள்களுக்குள் அதை முடிக்க வேண்டும். பெரிய தயாரிப்பு நிறுவனங்களின் கணினிகளுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது: அவற்றின் பயாஸில், அதாவது மதர்போர்டில் உள்ள அடிப்படை நிரலில், நிறுவனத்தின் அடையாளம் பதிந்திருக்கும், தொழிற்சாலையில் போடப்பட்ட எக்ஸ்பி அதைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் இயங்கும். ஆனால் அந்தக் கணினிகளின் அடியில் ஒட்டப்பட்டிருந்த கீ வேறு. டிஸ்கைத் துடைத்துவிட்டு அந்த ஒட்டுத்தாளின் கீயைக் கொண்டு நிறுவினால் தனியாக ஆக்டிவேஷன் செய்ய வேண்டியிருந்தது. 2005 பிப்ரவரி இறுதியிலிருந்து முன்னணி நிறுவனங்களின் ஒட்டுத்தாள் கீகளுக்கு இணையவழி ஆக்டிவேஷனையும் மைக்ரோசாப்ட் நிறுத்தியது. தொலைபேசியில் அழைத்து, நீண்ட எண்வரிசையைச் சொல்லி, பதிலுக்கு இன்னொரு எண்வரிசையைக் கேட்டு எழுத வேண்டும். மடிக்கணினியின் சூட்டிலும் உராய்விலும் ஒட்டுத்தாளின் எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தால் அந்த வழியும் அடைபட்டது. அன்று பார்மட் செய்தவர்கள் உரிமத்தை இழக்கவில்லை. ஆனால் இழந்ததைப் போலவே உணர்ந்தார்கள்.

2007-இல் வந்த விஸ்டாவும் 2009-இல் வந்த விண்டோஸ் 7-உம் இந்த எண்ணத்தை உறுதிப்படுத்தின. அவற்றில் பயாஸில் ஓர் அட்டவணை, டிஸ்கில் அந்த நிறுவனத்தின் சான்றிதழ், அதற்குரிய பொதுவான கீ ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். கணினியோடு வந்த ரெக்கவரி பகுதியிலிருந்து மீட்டால் மூன்றும் தாமே வந்து சேரும். கடைக்காரர் ரெக்கவரி பகுதியையும் சேர்த்துத் துடைத்துவிட்டு வெறும் டிவிடியிலிருந்து போட்டால், பயாஸில் உள்ளது மட்டும் மிஞ்சும். மற்ற இரண்டும் இல்லாததால் விண்டோஸ் தானாக ஆக்டிவேட் ஆகாது. அத்துடன், ஆக்டிவேட் ஆகாத விஸ்டா பயனாளரைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிடும்: ஒரு மணி நேரம் உலாவியைத் திறந்து பார்க்கலாம், பிறகு வெளியேற்றப்படுவார். 2008-இல் வந்த முதல் சர்வீஸ் பேக் இந்தக் கெடுபிடியை நீக்கியது. கெடுபிடி போனது, அது விட்டுச்சென்ற பயம் போகவில்லை.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது ஏற்பாடு அடியோடு மாறியது. தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் கீ ஒதுக்கப்பட்டு, மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேர் சிப்பில் எழுதப்படுகிறது. கணினியின் அடியில் ஒட்டுத்தாளில் கீ அச்சிடும் வழக்கம் அத்தோடு நின்றது. இன்று பலர் மடிக்கணினியைக் கவிழ்த்துப் பார்த்து, கீ இல்லையென்று கண்டு, உரிமமே இல்லையென்று முடிவு கட்டுகிறார்கள். கீ இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். விண்டோஸை மறுபடி போடும்போது நிறுவல் நிரல் அந்தச் சிப்பைத் தானே படித்து, கீயைத் தானே எடுத்துக்கொள்கிறது. டிஸ்கைத் துடைத்தாலும், பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புதிய எஸ்எஸ்டி மாட்டினாலும் அந்தச் சிப்பில் உள்ளது அப்படியே இருக்கும்.

2015 ஜூலை 29 அன்று வந்த விண்டோஸ் 10 இன்னொரு படி போனது. விண்டோஸ் 7, 8.1 கணினிகள் ஓராண்டு வரை இலவசமாக அதற்கு மாறலாம் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. அப்படி மாறியவர்களுக்குத் தனிக் கீ எதுவும் தரப்படவில்லை. கணினியின் வன்பொருள்களிலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாளத்தைத் தன் சர்வரில் பதிந்து, இந்தக் கணினிக்கு விண்டோஸ் 10 உரிமம் உண்டு என்று நிறுவனம் குறித்துக்கொண்டது. இதுதான் டிஜிட்டல் உரிமம். 2016 ஆகஸ்டில் வந்த மேம்பாட்டிலிருந்து அதை மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்து வைக்கவும் வழி வந்தது. பட்டா வீட்டு அலமாரியில் இல்லாமல் தாலுகா அலுவலகப் பதிவேட்டில் இருப்பது போன்ற நிலை இது. அலமாரி எரிந்தாலும் பதிவேடு இருக்கும். டிஸ்க் துடைக்கப்பட்ட கணினி இணையத்தில் சேர்ந்ததும் சர்வர் அதை அடையாளம் கண்டு ஆக்டிவேட் செய்கிறது.

அப்படியென்றால், பார்மட் செய்த பிறகு ஆக்டிவேட் ஆகாமல் நிற்கும் கணினிகளை மக்கள் கண்ணால் பார்க்கிறார்களே என்று கேட்கலாம். பார்க்கிறார்கள், காரணத்தைத்தான் தவறாகச் சொல்கிறார்கள். முதல் காரணம் பதிப்பு மாறிப்போவது. உரிமம் ஹோம் பதிப்புக்கு இருக்கும். புரோ பெரியது, ஆகவே நல்லது என்று எண்ணி, திருத்தி வைத்திருக்கும் பென் டிரைவிலிருந்து புரோவை வலிந்து போட்டுவிடுவார்கள். ஹோம் உரிமம் புரோவைத் திறக்காது. அதே கணினியில் ஹோமைப் போட்டால் உடனே திறந்துகொள்ளும். இரண்டாவது காரணம் இணையம் இல்லாதது. வைஃபை டிரைவர் இன்னும் ஏறாத கணினி ஆக்டிவேட் ஆகவில்லை என்று காட்டினால், அது உரிமம் போனதன் அறிகுறி அல்ல. சர்வரோடு இன்னும் பேசவில்லை என்பதன் அறிகுறி. மூன்றாவது காரணம், நிறுவும்போது கீ கேட்கும் திரை. “என்னிடம் புராடக்ட் கீ இல்லை” என்று அங்கேயே ஒரு வழி தரப்பட்டிருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துத் தாண்டிப் போகலாம். அந்த வரியைக் குற்ற ஒப்புதல் போல எண்ணி, எங்கோ கிடைத்த கீயை அடித்துவிடுகிறவர்கள் பலர்.

உரிமம் உண்மையிலேயே இல்லாமல் போகும் நேரங்களும் உண்டு. அவை பார்மட்டால் வருபவை அல்ல. கணினியோடு வந்த உரிமம் அதன் மதர்போர்டோடு கட்டுண்டது. வாரண்டியில் தயாரிப்பாளரே பழுதான போர்டை மாற்றினால் உரிமம் தொடரும், மற்றபடி வேறு போர்டுக்கு மாறினால் தொடராது. கடையில் பெட்டியாகத் தனியே விலைக்கு வாங்கிய சில்லறை உரிமத்தை மட்டுமே பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்குக் கொண்டுபோகலாம். இன்னொன்று, அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு விற்பனைக்கு வரும் மடிக்கணினிகள். அலுவலகங்கள் மொத்த உரிமம் வைத்திருக்கும். அவற்றின் உள்வலையில் ஒரு சர்வர் இருந்து ஒவ்வொரு கணினியையும் 180 நாள்களுக்கு ஆக்டிவேட் செய்யும், இடையிடையே புதுப்பிக்கும். கணினி வெளியே வந்த பின் அந்த ஆக்டிவேஷன் 180 நாள்களுக்குள் காலாவதியாகும். பார்மட் செய்தால் அன்றே தெரிந்துவிடும். அங்கே அழிந்தது வாங்கியவரின் உரிமம் அல்ல. அந்த உரிமம் முதலிலிருந்தே அலுவலகத்துக்குச் சொந்தம். அத்தகைய கணினியிலும் ஃபர்ம்வேரில் தொழிற்சாலைக் கீ இருக்குமானால், அதற்குரிய பதிப்பைப் போட்டு முறையாக ஆக்டிவேட் செய்துகொள்ளலாம்.

இந்தத் தவறான நம்பிக்கையால் வரும் கேடு சிறியதல்ல. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைப் போல, உரிமம் உள்ளவர்கள் உரிமத்தைத் தேடி அலைகிறார்கள். சிலர் இரண்டாம் முறை காசு கொடுத்து வாங்குகிறார்கள். பெரும்பாலோர் கிராக் பக்கம் போகிறார்கள். புழக்கத்தில் உள்ள கிராக் நிரல்களில் பல, மேலே சொன்ன அலுவலக சர்வரைப் போலியாக நடித்துக் காட்டி விண்டோஸை ஏமாற்றுபவை. அவற்றை ஓட்டுமுன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். காவலாளியை அனுப்பிவிட்டு முன்பின் தெரியாதவரிடம் வீட்டை ஒப்படைக்கும் வேலை அது. கேஎம்எஸ்பிகோ என்ற பெயரில் உலவிய போலி நிறுவியோடு கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் சேர்ந்து வந்ததை ரெட் கேனரி என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2021 டிசம்பரில் அம்பலப்படுத்தியது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பைகளின் விவரங்களையும் எடுத்துப்போவது அதன் வேலை. இல்லாத இழப்புக்குப் பயந்து, உண்மையான இழப்பை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம்; 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அந்தப் பிரிவில் உண்டு. நேர்மையாக விலை கொடுத்து வாங்கியவர், தன்னிடம் சாவி இருப்பதை அறியாமல் தன் வீட்டுக்கே சுவரேறிக் குதிக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். இதைவிட அநியாயம் வேறில்லை. கிராக் தேவையில்லாத கணினியில் கிராக் போட்டுக் கூலி வாங்குவதும் தொழில் தர்மம் ஆகாது.

கேட்டின் இன்னொரு பக்கம், கவனம் திசைமாறிப் போவது. பார்மட்டில் திரும்பி வராமல் போவது உரிமம் அல்ல, கோப்புகள். குழந்தையின் புகைப்படங்கள், சான்றிதழ்களின் நகல்கள், கடைக் கணக்குகள் ஆகியவற்றுக்கு எந்த சர்வரிலும் பதிவேடு இல்லை. டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணையும் கவனிக்க வேண்டும்: போர்டு மாறினாலோ டிஸ்கை வேறு கணினியில் மாட்டினாலோ அந்த எண் கேட்கப்படும், அது இல்லையென்றால் டிஸ்கில் உள்ளதை எடுக்க முடியாது. பயப்பட வேண்டியது இதற்கு. ஆனால் பயம் முழுவதும் உரிமத்தின் மேல் போய்விடுவதால், பாதுகாக்க வேண்டியதைப் பாதுகாக்காமல் விடுகிறார்கள். வைரஸ் புகுந்து, துடைத்தே ஆகவேண்டிய நிலையில் உள்ள கணினியையும் ஒரிஜினல் போய்விடும் என்று அஞ்சி அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வேறு.

பழி முழுவதையும் பயனாளர்மேல் போடுவது நியாயமல்ல. கணினி வாங்கும்போது தரும் ரசீதில் எந்தப் பதிப்பு, எந்த வகை உரிமம், அது எங்கே பதிந்திருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லும் வழக்கம் இல்லை. எக்ஸ்பி முதல் இன்றுவரை முறையைப் பலமுறை மாற்றிய மைக்ரோசாப்ட், மாற்றத்தைச் சாதாரண வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொண்டுசேர்க்கவில்லை. அந்த இடைவெளியில்தான் தவறான நம்பிக்கை குடியேறியது.

சரியான முறை எளிது. துடைப்பதற்கு முன் அமைப்புகளில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, டிஜிட்டல் உரிமமா, ஹோமா புரோவா என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். முடிந்தால் மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைக்க வேண்டும். கோப்புகளை வேறு டிஸ்கில் நகலெடுத்து, பிட்லாக்கர் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் கருவியைக் கொண்டு குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் கோப்புகளை ஏற்றி, அதே பதிப்பைப் போட வேண்டும். கீ கேட்டால் இல்லை என்று சொல்லித் தாண்டி, பிறகு இணையத்தில் இணைக்க வேண்டும். உடனே ஆக்டிவேட் ஆகாவிட்டாலும் அவசரம் இல்லை. இன்றைய விண்டோஸ் அப்படியே இயங்கும். திரையின் மூலையில் ஒரு நினைவூட்டல் தெரியும், பின்னணிப் படம் போன்றவற்றை மாற்ற முடியாது, அவ்வளவே. காரணத்தைத் தேடிச் சரிசெய்ய நேரம் இருக்கிறது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டதால், ஏராளமான கணினிகள் துடைக்கப்பட்டு விண்டோஸ் 11-க்கு மாறும் காலம் இது. வன்பொருள் தகுதி உள்ள கணினியில், விண்டோஸ் 10-க்கு இருந்த டிஜிட்டல் உரிமமே 11-ஐயும் திறக்கும். அந்த வேலைக்குக் கணினியைக் கடைக்குக் கொண்டுபோகிறவர், கிராக் போடவா என்று கேட்கப்படுமுன், முன்பு ஹோம் இருந்தால் ஹோமையே, புரோ இருந்தால் புரோவையே போட்டு இணையத்தில் இணைத்துக் காட்டும்படி கேட்கலாம். உரிமம் இருந்தால் அது திரையில் தெரிந்துவிடும்.