தலையை எண்ணினால் போதுமா?

“அறுபது பிள்ளைக்கு ஐந்து வாத்தியார். ஆளுக்குப் பன்னிரண்டு பேர். பேசாமல் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டால் என்ன?” ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்றாலே பேச்சு இப்படித்தான் போகிறது.

வகுத்தல் கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பள்ளியில் வகுப்புகள் எட்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்து வரை அறுபது பிள்ளைகளுக்குள் இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். ஆறு, ஏழு, எட்டுக்குக் குறைந்தது மூவர்: கணிதம்-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். தமிழும் ஆங்கிலமும் ஒரே ஆள் தலையில்! ஆக, ஐந்து பேர் என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். ஐவரும் வந்திருக்கும் நாளிலும் எந்த நேரத்திலும் மூன்று வகுப்புகளுக்குத் தனி ஆசிரியர் இல்லை. ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஏழும் எட்டும் ஒரே அறைக்கு வந்துவிடும்.

“பாதி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள்?” இந்தப் பள்ளிகளில் பெரும்பாலும் எழுத்தர் கிடையாது. எமிஸ் என்னும் பள்ளிக் கல்வி இணையதளத்தில் பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு, சீருடை, பாடநூல் எல்லாம் ஆசிரியர் வேலை. தேர்தல் பணியையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் சட்டமே அனுமதிக்கிறது. சர்வர் படுத்துக்கொண்ட நாளில் ஓர் ஆசிரியர் கைப்பேசியோடு வராந்தாவில் நிற்பதைப் பார்ப்பவர், அவர் பொழுதுபோக்குகிறார் என்றுதான் நினைப்பார்.

“பாடம் ஒழுங்காக நடந்தால் பிள்ளைகள் ஏன் போகிறார்கள்?” சில பள்ளிகளில் நடப்பதில்லை, உண்மை. அதற்காகச் சேர்க்கைச் சரிவு முழுவதையும் ஆசிரியர் மேல் போட முடியாது. பிறப்பே குறைந்திருக்கிறது: 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. இருக்கும் பிள்ளைகளிலும் ஒரு பகுதி, அதே சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில், அரசு கட்டணம் கொடுக்கத் தனியார் பள்ளிக்குப் போகிறது. மிஞ்சுவோர் பெரும்பாலும் கூலி வீட்டுப் பிள்ளைகள், வேலை தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள், தம்பியை வேனில் ஏற்றிவிட்டு நடந்து வரும் அக்காக்கள். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத இவர்களுக்குத்தான் ஆசிரியர் அதிகம் தேவை.

இணைப்பால் மிச்சம் என்கிறார்கள். கட்டடச் செலவு குறையலாம். பேருந்து வராத சாலையில் பன்னிரண்டு வயதுப் பெண் கூடுதலாக இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருப்பதை எந்தத் தலைப்பில் எழுதுவார்கள்?

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது பணிநிரவல்தான். ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலையை எண்ணி, ‘உபரி’ என்று ஒருவரை மாற்றுகிறார்கள். போகிறவர் கணக்கு ஆசிரியராக இருந்தால் அடுத்த ஜூனில் பெற்றோர் நாலு பேர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருவார்கள். அடுத்த ஆகஸ்டில் இன்னொருவர் உபரியாவார். வகுப்புக்கு ஒருவர் என்று பணியிடத்தை நிர்ணயித்துவிட்டு, அதற்குப் பிறகும் மிஞ்சுகிறவர் இருந்தால் உபரிப் பட்டியல் போடட்டும்.